திறமூல லைப்ரரியின் ஆவணங்களைச் செம்மைப்படுத்துவது எப்படி?

ஒரு லைப்ரரியின் (பிறர் தம் நிரலில் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பின்) நிரல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதை எப்படி நிறுவுவது, எந்த ஃபங்க்ஷனுக்கு எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும் என்பதைச் சொல்லும் பக்கங்கள் சரியாக இல்லையென்றால், புதிதாக வருகிறவர் சற்று நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு வேறொன்றைத் தேடிப் போய்விடுவார். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் நடத்திய திறமூலக் கருத்தாய்வில், அரைகுறையான, பழையதாகிப்போன ஆவணங்களைப் பரவலான சிக்கலாகக் கண்டவர்கள் 93 விழுக்காட்டினர். அதே ஆய்வில், ஆவணங்களுக்குத் தாங்கள் பங்களிப்பது அரிது அல்லது இல்லவே இல்லை என்று சொன்ன பங்களிப்பாளர்கள் 60 விழுக்காட்டினர். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் படித்து முடித்துத் திறமூலப் பணியில் நுழைய விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்பது என் எண்ணம். நிரலின் உள்கட்டமைப்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவருக்கு எங்கே புரியாது என்பது தெரிந்தால் போதும், அதுவோ புதிதாக வந்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

விளக்கத்துக்காக, தமிழ்ச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்தும் அகர வரிசைப்படுத்தியும் தரும் ஒரு பைத்தான் லைப்ரரியை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஓப்பன்-தமிழ் என்ற பெயரில் அத்தகைய லைப்ரரி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் கீழே சொல்லப்படும் குறைகள் அதனுடையவை அல்ல, இவ்வகை லைப்ரரி எதற்கும் வரக்கூடியவை.

எழுதுவதற்கு முன்

முதலில் எதையும் எழுதாதீர்கள். பயனர்கள் கேள்விகளையும் குறைகளையும் பதியும் இடமான, லைப்ரரியின் இஷ்யூ பட்டியலுக்குச் சென்று, மூடப்பட்ட இஷ்யூக்களையும் சேர்த்து, கேள்வியாக வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் படியுங்கள். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு சொற்களில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், அங்கே ஒரு பக்கம் இல்லை, அல்லது இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை என்று பொருள். பராமரிப்பாளர் பொறுமையாக எழுதிய பதில் அந்த இஷ்யூவுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். பாதி வேலை அதை வெளியே எடுத்து உரிய இடத்தில் வைப்பதுதான்.

அடுத்தது, லைப்ரரியை இதுவரை பயன்படுத்தாத ஒருவரை அருகில் உட்கார வைத்து, ஆவணத்தைப் படித்தபடியே அவர் நிறுவுவதைப் பார்ப்பது. பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர், முதல் பக்கத்தில் இருந்தபடியே பைத்தான் என்ற கட்டளையைத் தட்டிவிட்டு, "அண்ணா, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்குதுங்க, நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணீட்டனுங்களா?" என்று கேட்டார். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. பைத்தான் நிறுவப்படாத விண்டோஸ் 10, 11 கணினிகளில் அந்தக் கட்டளை ஸ்டோரைத்தான் திறக்கும். ஆவணத்தை எழுதியவர் லினக்ஸில் வேலை செய்பவர் என்பதால் அவர் கண்ணில் அது ஒருபோதும் பட்டிருக்காது. இப்படி உட்கார்ந்து பார்க்கும்போது உதவி செய்ய வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொண்டு, அவர் நின்ற இடம், திரும்பப் படித்த வரி, வேறு தாவலில் போய்த் தேடிய சொல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயால் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொன்றும் ஆவணத்தில் விடுபட்டுப் போன ஒரு வரி. அருகில் ஆள் கிடைக்கவில்லையென்றால், புதிய பயனர் கணக்கிலோ வெற்றுக் கண்டெய்னரிலோ (கணினிக்குள் தனியாகப் பிரித்து ஒதுக்கிய சூழல்) நீங்களே முதலிலிருந்து செய்து பாருங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் பத்துப் பொருள்கள் அப்போதுதான் வெளியே தெரியும்.

முதல் பக்கம்

திட்டத்தின் முதல் பக்கமாகத் தெரியும் ரீட்மி கோப்பில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: இது என்ன செய்யும், என்ன செய்யாது, எந்தப் பைத்தான் பதிப்புகளில் ஓடும், நிறுவும் கட்டளை, ஓடக்கூடிய மிகச் சிறிய எடுத்துக்காட்டு, அதன் வெளியீடு, முழு ஆவணத்துக்கான இணைப்பு, உரிமம். இவற்றில் பெரும்பாலும் விடுபடுவது 'என்ன செய்யாது' என்பதே. நம் எடுத்துக்காட்டு லைப்ரரி எழுத்துகளைப் பிரிக்கும், வரிசைப்படுத்தும். ஆனால் கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை ஆகிய மூன்றும் ஒரே ஊர் என்று அதற்குத் தெரியாது. முகவரிப் பட்டியலைச் சீர்செய்யும் எண்ணத்தோடு வருகிற ஒருவருக்கு அதை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால், அவருடைய ஒரு நாள் மிஞ்சும். நட்சத்திர எண்ணிக்கைகளையும் வண்ணப் பட்டைகளையும் மேலே வரிசையாக அடுக்கி, நிறுவும் கட்டளையை இரண்டு திரை கீழே தள்ளிவிடும் வழக்கம் பல திட்டங்களில் இருக்கிறது. பாதியையாவது கீழே இறக்கலாம்.

எடுத்துக்காட்டுகள்

திருப்பூரில் ஆர்டர் எடுக்கிறவர்களுக்குச் சாம்பிள் பீஸ் எதுவோ, லைப்ரரிக்கு முதல் எடுத்துக்காட்டு அது. அது சரியில்லையென்றால் மேற்கொண்டு பேச்சே எழாது. ஆகவே இங்கே கூடுதல் நேரம் செலவிடுவது தகும்.

பொருளற்ற சொற்களையும் ஒன்று, இரண்டு என்ற வெற்று எண்களையும் விட்டுவிட்டு, பயனர் கையில் உண்மையாக இருக்கும் வகைத் தரவைப் பயன்படுத்துங்கள். 'கோயம்புத்தூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் நீளம் காட்டும் ஃபங்க்ஷன் அதற்கு 13 என்று விடை தரும். ஏனென்றால் அது எண்ணுவது யூனிகோடு குறியெண்களை, அதாவது உயிர்க்குறியும் புள்ளியும் உட்பட ஒவ்வொரு குறிக்கும் தரப்பட்டிருக்கும் தனி எண்களை. கோ, ய, ம், பு, த், தூ, ர் என்று நாம் கண்ணால் எண்ணுவது 7 எழுத்து. குறியெண்களை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் மொத்தம் 39 பைட். இந்த மூன்று எண்களையும் ஒரே எடுத்துக்காட்டில் அடுத்தடுத்து அச்சிட்டுக் காட்டி, லைப்ரரியின் ஃபங்க்ஷன் தருவது இரண்டாவது எண்ணை, அதாவது 7 எழுத்துகளின் பட்டியலை, என்று சொல்லிவிட்டால், இந்த லைப்ரரி எதற்காக இருக்கிறது என்பதைத் தனியாக ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

வரிசைப்படுத்தலுக்கும் அப்படியே. பழனி, பவானி, பல்லடம் என்ற மூன்று ஊர்களைப் பைத்தானின் இயல்பான வரிசைப்படுத்தலுக்குக் கொடுத்தால் பல்லடம், பழனி, பவானி என்று வரும். ழகரத்தின் குறியெண் 2996, வகரத்தின் குறியெண் 2997 என்பதால் பழனி முந்திக்கொள்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பிறகே ழகரம். எனவே வர வேண்டியது பல்லடம், பவானி, பழனி. இரண்டு வெளியீடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டுங்கள். வெளியீடே இல்லாத எடுத்துக்காட்டு பாதி எடுத்துக்காட்டுதான். தனக்கு வந்தது சரியா தவறா என்று படிப்பவர் எதை வைத்து ஒப்பிடுவார்?

ஓரத்து நிலைகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும். 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி 3015, துணைக்கால் 3006 என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். இரண்டு இடங்களிலிருந்து வந்த ஊர்ப்பட்டியல்களைச் சேர்க்கும்போது ஈரோடு இரண்டு முறை வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்க்ஷன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். லைப்ரரி அதைத் தானே செய்கிறதா, பயனர் முன்கூட்டியே செய்ய வேண்டுமா என்பதை ஆவணம் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை. உண்மையான தரவு என்றதும், மஞ்சள் மண்டிக் கணக்கிலிருந்தோ கம்பெனிச் சம்பளப் பட்டியலிலிருந்தோ ஆட்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் எடுத்து ஒட்டிவிடக் கூடாது. பொதுக் களஞ்சியத்தில் ஒருமுறை ஏறிய வரி, பிறகு அழித்தாலும் கமிட் (மாற்றப் பதிவு) வரலாற்றில் இருக்கும். ஊர்ப் பெயர்கள் போதும்.

பிழைச் செய்திகளுக்கு ஒரு பக்கம்

ஆவணங்களை வரிசையாகப் படிப்பவர்கள் குறைவு. பிழை வந்தவுடன் அந்தச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டுகிறவர்களே அதிகம். ஆகவே அடிக்கடி வரும் பிழைகளின் சொற்களை மாற்றாமல் தலைப்பாக வைத்து, அதன் கீழே காரணத்தையும் தீர்வையும் எழுதும் பக்கம், மற்றெந்தப் பக்கத்தையும்விட அதிகம் படிக்கப்படும்.

நம் லைப்ரரிக்கு அந்தப் பக்கத்தின் முதல் பிழை எது என்பதில் ஐயமே இல்லை: யூனிகோட் டீகோட் எரர். ஆங்கிலத்தில் அமைக்கப்பட்ட விண்டோஸ் கணினிகள் பலவற்றில், கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் எது என்று சொல்லாவிட்டால், பைத்தான் 3.14 வரையான பதிப்புகள் விண்டோஸ்-1252 என்ற பழைய குறியீட்டு முறையை எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்ப் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகளாக இருக்கும். 1252-இல் 141-க்கு எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை, எனவே நிரல் அங்கேயே நின்றுவிடும். உகரக் குறியின் கடைசி பைட்டான 129-க்கும் இதே கதிதான். பல்லடமும் ஈரோடும் இருக்கும் கோப்பு இதனால் உடனே பிழை காட்டிவிடும். பவானியும் பழனியும் மட்டுமே இருக்கும் கோப்போ, அந்த பைட்டுகள் அவற்றில் இல்லாததால், பிழை எதுவும் காட்டாமல் புரியாத ஐரோப்பிய எழுத்துக் கூட்டமாகத் திரையில் வந்து விழும். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நிரல் ஓடிவிட்டது என்றே பயனர் நினைப்பார். தீர்வு ஒன்றுதான்: கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுப்பது. இவ்வளவையும் எழுதிய பிறகு, ஆவணத்தின் பிற எடுத்துக்காட்டுகளில் கோப்பு திறக்கப்படும் எல்லா இடங்களிலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

பிழைச் செய்தியே லைப்ரரியிலிருந்து வருவதாக இருந்தால், ஆவணத்தை நீட்டுவதற்கு முன் செய்தியைத் திருத்த முடியுமா என்று பாருங்கள். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொல்லும் செய்தியை, 'சரம் எதிர்பார்க்கப்பட்டது, பட்டியல் கிடைத்தது' என்று மாற்றுவது நிரலில் ஒரு வரிதான். அது ஆவணத்தில் ஒரு பத்தியை மிச்சப்படுத்தும்.

பக்கங்களைப் பிரிக்கும் முறை

டானியேலே புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்ற முறை, ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சி, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடிக்க உதவும் செய்முறை, ஒவ்வொரு ஃபங்க்ஷனையும் முறைப்படி விவரிக்கும் குறிப்புதவி, ஏன் இப்படி அமைந்தது என்று சொல்லும் விளக்கம். நான்கும் எல்லாத் திட்டங்களுக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு ஃபங்க்ஷன்கள் உள்ள லைப்ரரிக்கு நான்கு அடைவுகள் அமைப்பது வீண் வேலை. ஆனால் ஒரு பக்கம் ஏன் படிக்க முடியாததாக இருக்கிறது என்று ஆராய இந்தப் பிரிவு மிகவும் பயன்படும். பயிற்சிப் பக்கத்தின் நடுவே நெடுங்கணக்கு வரிசையின் வரலாறு இரண்டு பத்திக்கு நீண்டால், படிப்பவர் கையிலிருந்த வேலையை மறந்துவிடுவார். அதை விளக்கப் பக்கத்துக்கு நகர்த்தி, பயிற்சியில் ஓர் இணைப்பை மட்டும் விட்டால் போதும். அதேபோல் பயிற்சியில் 'இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்' என்று வழிகளை அடுக்க வேண்டாம். ஒரே வழி, முடிவு உறுதியான வழி.

குறிப்புதவிப் பக்கங்களைக் கையால் எழுதுவதைவிட, நிரலுக்குள் ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் கீழே இருக்கும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கிலிருந்தே உருவாக்குவது நல்லது. பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காகக் கேயார்க் பிராண்டல் எழுதி 2008-இல் வெளியான ஸ்பிங்க்ஸ் என்ற கருவி அதைச் செய்யும். ஒவ்வொரு டாக்ஸ்ட்ரிங்கிலும் உள்ளீட்டின் வகை, திரும்பும் மதிப்பு, எழக்கூடிய பிழைகள், வெற்றுச் சரம் கொடுத்தால் என்ன ஆகும், தமிழும் ஆங்கிலமும் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் ஆகியவை இருந்தாக வேண்டும். ஃபங்க்ஷனின் பெயரையே வாக்கியமாக்கி, 'எழுத்துகளைப் பெறு: எழுத்துகளைப் பெறுகிறது' என்று எழுதி வைப்பதற்கு எழுதாமலே விடலாம்.

எழுதியது உண்மைதானா?

பைத்தானில் 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே டாக்டெஸ்ட் என்ற மாட்யூல் உடன் வருகிறது. ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை அது ஓட்டிப் பார்த்து, அங்கே எழுதப்பட்டிருக்கும் வெளியீடும் உண்மையில் வருவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும். இதை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தை இணைத்துக்கொள்ளக் கேட்டு அனுப்பும் கோரிக்கை) தானாக ஓடும்படி அமைத்துவிட்டால், நிரல் மாறி ஆவணம் மாறாமல் நின்றுவிடும் நிலை பெரும்பாலும் வராது. ஸ்பிங்க்ஸில் உடைந்த இணைப்புகளைத் தேடும் வசதியும் உண்டு. நடத்தை மாறிய ஃபங்க்ஷன்களின் அருகே எந்தப் பதிப்பிலிருந்து மாறியது என்று எழுதுங்கள்; பழைய பதிப்பிலேயே ஓடும் நிறுவனங்கள் நம் ஊரில் குறைவில்லை என்பதால், ஆவணங்களை வெளியிடும் ரீட் த டாக்ஸ் போன்ற தளங்களில் பழைய பதிப்பின் ஆவணத்தையும் அழிக்காமல் வைத்திருப்பது உதவும்.

தமிழிலும் ஆவணம் வேண்டும் என்று விரும்பினால், தனிக் கோப்புகளாக மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். மூலம் மாறும்போது அவை சத்தமில்லாமல் பழையதாகிவிடும். ஸ்பிங்க்ஸ் தரும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு வழியில், ஒவ்வொரு பத்தியும் தனித்தனிப் பதிவாக இருக்கும். மூலப் பத்தி மாறினால் அந்தப் பதிவு மட்டும் மறுபார்வைக்கு வரும், மொழிபெயர்க்கப்படாதது ஆங்கிலத்திலேயே தெரியும். பைத்தானின் ஆவண மொழிபெயர்ப்புகளும் இப்படித்தான் நடக்கின்றன. அதற்கான நெறிமுறை 2017-இல் எழுதப்பட்ட பெப் 545 என்ற பைத்தான் முன்மொழிவு ஆவணத்தில் இருக்கிறது. நிறுவும் பக்கத்தையும் பயிற்சியையும் பிழைப் பக்கத்தையும் முதலில் தமிழாக்குங்கள். குறிப்புதவி கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் குறையில்லை.

மாற்றத்தை அனுப்புதல்

2020 அக்டோபரில், திறமூலத் திட்டங்களுக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்குப் பரிசு தருவதாக டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் ஒரு டீ-ஷர்ட்டுக்காக ரீட்மி கோப்புகளில் பொருளற்ற சொற்களைச் சேர்த்து அனுப்பியவர்களால் பராமரிப்பாளர்கள் பட்ட பாடு பெரிது. முன்வந்து பதிவு செய்துகொண்ட திட்டங்களை மட்டுமே கணக்கில் கொள்வதென்று நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. (உலகத்துக்கே டீ-ஷர்ட் தைத்து அனுப்பும் திருப்பூர்க்காரர்களுக்கு அந்த மோகம் இருக்க வேண்டிய காரணமே இல்லை.) ஆவணத் திருத்தம் என்றாலே பராமரிப்பாளர்கள் சற்று ஐயத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே உங்கள் மாற்றம் எந்தக் கேள்விக்கு விடையாக வருகிறது என்று, பழைய இஷ்யூவின் எண்ணோடு முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

பங்களிப்பு விதிகள் இருக்கும் கான்ட்ரிபியூட்டிங் கோப்பை முதலில் படித்துவிடுங்கள். ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரே பொருள் இருக்கட்டும்: எழுத்துப்பிழைத் திருத்தங்கள் ஒன்றில், புதிய பிழைப் பக்கம் இன்னொன்றில். இருக்கும் பத்திகளின் வரி முறிவுகளைத் தேவையில்லாமல் மாற்றாதீர்கள். ஒரு சொல்லை மட்டும் திருத்தியிருந்தாலும் பத்தி முழுவதும் மாறியதுபோல் தெரியும், பார்ப்பவர் எதைச் சரிபார்ப்பது என்று திணறுவார். புதிதாக எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டால், பின்னால் வரும் திருத்தங்களும் எளிதில் தெரியும். அனுப்புவதற்கு முன் உங்கள் கணினியிலேயே ஆவணத்தை உருவாக்கி, கைபேசித் திரையின் அகலத்திலும் ஒருமுறை திறந்து பாருங்கள். நம் மாணவர்களில் பலர் அதில்தான் படிக்கிறார்கள், அகலமான அட்டவணைகள் அங்கே வலப்புறம் ஓடிவிடும்.

அடைவுகளையே மாற்றியமைக்கும் பெரிய திட்டம் இருந்தால், செய்து முடித்துவிட்டு அனுப்பாமல், முதலில் ஓர் இஷ்யூவில் உங்கள் உத்தேசத்தை எழுதி இசைவு கேளுங்கள். பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் இரவு நேரங்களில் இதைப் பார்ப்பவர்கள். இரண்டு வாரமாகப் பதில் வரவில்லையென்றால், மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாற்றத்தை இன்னும் சிறிய துண்டுகளாக்கி அனுப்பிப் பார்க்கலாம்.

மாற்றம் இணைக்கப்பட்டுப் புதிய பக்கம் வெளியானதும், தொடக்கத்தில் நீங்கள் வடிகட்டி எடுத்த இஷ்யூக்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, அதே கேள்வியைத் தேடி வரும் அடுத்தவருக்காக அந்தப் பக்கத்தின் இணைப்பை இட்டுவிடுங்கள். இணைப்பில் பக்கத்தின் முகவரி மட்டும் இல்லாமல், உரிய உட்தலைப்பு வரை இருக்கட்டும். இன்னும் திறந்திருப்பவற்றை மூடலாமா என்று, கேட்டவரிடமே கேளுங்கள்.